பார்க்கப் போகும் இடமும் பாடுபடும் இடமும்

(போடிநாயக்கனூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் ஐயா அவர்களுக்கும், பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை வரப்போகிறது, கேரளத்தில் எங்கெல்லாம் போகலாம் என்று பேசுங்கள் என்றார்கள். வேறு ஊராக இருந்தால் மூணாறு, தேக்கடி, ஆலப்புழை, கொச்சி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். போடியில் நின்றுகொண்டு அப்படிப் பேச மனம் வரவில்லை. விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு மலைச்சாலை ஏறி, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்கி வரும் பெண்கள் வாழும் ஊர் இது. அவர்களுடைய பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். அதே சாலையில்தான் சுற்றுலா வேன்களும் ஏறுகின்றன. வேனில் போகிறவர்கள் இயற்கை அழகு என்று படம் எடுக்கும் இடங்களில் பாதிக்கு மேல் மனிதர்கள் பாடுபட்டு உருவாக்கியவை. அந்தப் பாடு இன்றும் அங்கே நடக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை போய் வாருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

நம் வாசலிலிருந்தே தொடங்கலாம். கொச்சியில் ஆரம்பித்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை போகிறது 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பூப்பாறைப் பக்கம் திரும்பியதுமே இருபுறமும் மரநிழல். நிழலுக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஏலச்செடி. வேனை நிறுத்தி இறங்குகிறவர்கள் செடியின் உச்சியில் காய் தேடுவார்கள். காய் அங்கே இல்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் இருக்கிறது. அதனால்தான் காய் எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ இருக்க வேண்டியிருக்கிறது. ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்ததும் இருக்கும். விளைந்ததை மட்டும் கிள்ள வேண்டும். அட்டை கடிக்கும், மழை பெய்யும், விரல் நிற்காது. இங்கே ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் கிலோவுக்கு விலை கேட்கும்போது அந்த விரல்களை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

அப்புறம் டாப் ஸ்டேஷன். மூணாறுக்குப் போகிற எல்லோரும் மேகம் பார்க்க அங்கே போகிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள், நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. ஏன் அதற்கு ஸ்டேஷன் என்று பெயர்? உண்மையிலேயே ரயில் நின்ற இடம். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மூணாறிலிருந்து அதுவரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போய்க் கப்பல் ஏறின. அன்றைக்கு மூணாற்றுத் தேயிலை உலகத்தைப் பார்த்த வாசல் உங்கள் ஊர். 1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் அதை இன்றும் தொண்ணூற்று ஒன்பது வெள்ளம் என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099இல் நடந்ததால் அந்தப் பெயர்.

மூணாற்றில் என்ன பார்ப்பது? இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கலாம், 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை அண்ணாந்து பார்க்கலாம். குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துப் போங்கள். குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இதெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்வார். நான் சொல்ல வேண்டியது தேயிலை மேட்டில் வரிவரியாகத் தெரியும் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் பற்றி. அவற்றில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2015 செப்டம்பரில், போனஸைக் குறைத்ததற்காக ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாறு நடுச்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாள் இருந்து, கேட்ட இருபது சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

அதே மலையில்தான் பெட்டிமுடியும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்தது. லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். இரவிகுளம் போகும் சாலை அந்தத் திசையில்தான் போகிறது. அங்கே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். சந்தோஷமாகப் போகிற இடத்தில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

தேக்கடியைப் பற்றி ஒன்று மட்டும். பெரியாறு புலிகள் காப்பகத்தில் ஒரு காலத்தில் வயனை மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களையே, தொண்ணூறுகளின் கடைசியில் வனத்துறை காட்டுக்குக் காவலாகவும் வழிகாட்டியாகவும் ஆக்கியது. படகுச் சவாரிக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதைவிட அவர்களோடு அரை நாள் நடப்பது மேல் என்பேன். எந்தத் தடத்தில் எது போயிருக்கிறது என்று அவர்கள் குனிந்து பார்த்துச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

சாலை கொச்சியில் முடிகிறது. கோட்டைக் கொச்சியில் சீன வலையை எல்லோரும் பார்க்கிறார்கள். வாஸ்கோ ட காமாவை 1524இல் அடக்கம் செய்த பிரான்சிஸ் தேவாலயத்தையும் பார்க்கிறார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயத்துக்கு வெள்ளி, சனியில் போய் ஏமாறாதீர்கள், மூடியிருக்கும். இவற்றுக்கு நடுவில் வெளி என்ற பகுதியில் ஒரு தோபிகானா இருக்கிறது. அங்கே துணி வெளுப்பவர்கள் வண்ணார் சமூகத்துத் தமிழர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று சொல்கிறார்கள். ஆளுக்கொரு துவைகல், தொட்டி. கஞ்சி போட்ட வேட்டியைக் காயப்போடுவதைப் பாருங்கள். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கைக் கொஞ்சம் பிரித்து, துணியின் முனையை இடையில் செருகிவிட்டால் போதும், கடல்காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. உள்ளே கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறார்கள். நீங்கள் தமிழில் பேசினால் முகம் மலர்ந்து பதில் வரும். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

இனி குட்டநாடு, ஆலப்புழைப் பக்கத்துக் காயலும் நெல்வயலும் சேர்ந்த பகுதி. நேரம் இருக்கிறதா ஐயா? சரி, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஆலப்புழைக்குப் போகிறவர்கள் படகுவீட்டில் ஒரு இரவு தங்கிவிட்டு வருகிறார்கள். அந்தப் படகு ஒரு காலத்தில் நெல்லும் மிளகும் ஏற்றிய கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது, ஆணி இல்லாதது. லாரி வந்ததும் வேலை இழந்த வள்ளங்கள், தொண்ணூறுகளில் சுற்றுலாவுக்குத் திரும்பின. அதில் தங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கூடுதல், வேம்பநாட்டுக் காயலில் நெரிசலும் அழுக்கும் கூடிவிட்டன. நான் சொல்வது ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் போகும் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகை. சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது. பள்ளிப் பிள்ளைகளும், கறிகாய்ப் பையோடு அம்மாக்களும் ஏறி இறங்குவார்கள். கோட்டயம் நெருங்கும்போது வாய்க்காலின் குறுக்கே தூக்குப்பாலங்கள் வரும். பாலம் எழும்பும்வரை படகு காத்து நிற்கும். சில சமயம் காஞ்சிரம் வரைதான் போகும், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் உட்கார்ந்தபடி வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். வயல் உங்களுக்குக் கீழே இருக்கும். தண்ணீர் மேலே, நெல் கீழே. கடல்மட்டத்துக்கும் தாழ்வான நிலத்தில் நெல் விளைவிக்கும் இந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. இந்த நிலம் எப்படி வந்தது? காயலுக்குள் இரண்டு வரிசையாகத் தென்னங்குற்றிகளையும் மூங்கிலையும் அடித்து இறக்கி, நடுவில் மணலும் தழையும் போட்டு, காயலின் அடியிலிருந்து சேற்றுக்கட்டியை எடுத்து நிரப்பி வரப்புக் கட்டினார்கள். அந்தச் சேற்றை எடுக்க ஆட்கள் மூச்சைப் பிடித்து முங்கினார்கள். பிறகு உள்ளே நின்ற தண்ணீரைச் சக்கரம் மிதித்து இறைத்தார்கள், இரவும் பகலும் ஆள் மாற்றி மாற்றி. பெட்டியும் பறையும் என்கிற மரத்தாலான இறைவை இயந்திரம் பின்னால்தான் வந்தது. 1940களில் ஜோசப் முரிக்கன் என்ற பெருநிலக்காரர் இப்படி மீட்ட மூன்று காயல் நிலங்களுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தை வைத்து சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று பெயர் வைத்தார். முங்கியவர்கள் பெரும்பாலும் புலையர் சமூகத்து ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த வரப்பிலும் இல்லை.

உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை எழுபதுகளில் வந்தது. நெல் தப்பித்தது, ஆனால் உப்பும் நன்னீரும் கலந்து வாழ்ந்த மீனும் இறாலும் குறைந்தன. மதகை எப்போது திறப்பது என்று விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வருடா வருடம் இழுபறிதான். அந்தக் கரையில் ஒரு டீ குடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் இரண்டு பக்க நியாயமும் கிடைக்கும்.

அங்கிருந்து வைக்கம் பக்கம்தான். 1924இல் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த ஊர், பெரியார் சிறை சென்ற ஊர். அவர் நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, 2017 முதல் ஓடும் சூரிய ஒளிப் படகில் தவணக்கடவுக்குக் காயலைக் கடக்கலாம்.

முன்வரிசையில் ஒரு அம்மா, மே மாதம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார். மூணாறு, கொச்சி தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் குட்டநாட்டுக்கு மே வேண்டாம். நெல் அறுவடை முடிந்து, வயலில் வாத்து மேய்ப்பவர்கள் மட்டும் இருப்பார்கள், வெயிலும் தாங்காது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு சனி ஞாயிறு பாருங்கள், கதிர் பச்சையாக இருக்கும். கோட்டயத்துக்குக் குமுளி வழியாகப் பஸ் உண்டு. காலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.