சர்வரை அணைத்த பிறகு, வாங்கியவர் கையில் மிஞ்சுவது என்ன?

[திரையில்: 'தி க்ரூ' விளையாட்டின் அமெரிக்க வரைபடம்]

2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நிலப்பரப்பைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை இடைநிற்காமல் ஓட்டிச் செல்ல வழி செய்ததுதான் அதன் பெருமை. கதைப் பகுதியைத் தனியாளாகவே ஆடி முடிக்கலாம் என்றாலும், இணைய இணைப்பு இல்லாமல் அதையும் ஆட முடியாது. 2023 டிசம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது; 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் அணைக்கப்பட்டன. முழு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் அதன் பிறகு எதற்கும் பயன்படவில்லை.

அதோடு விஷயம் முடியவில்லை. அடுத்த சில வாரங்களில் பலருடைய கணக்கிலிருந்து விளையாட்டின் உரிமமும் பறிக்கப்பட்டது. திறந்து பார்த்தவர்களுக்கு, இதை இனி அணுக முடியாது என்ற அறிவிப்பும், கடைப் பக்கத்துக்குப் போய் வேறு விளையாட்டைப் பார்க்கலாமே என்ற யோசனையும் சேர்ந்தே வந்தன. சர்வரை மூடியதையாவது செலவைக் காட்டி நியாயப்படுத்தலாம். இதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

[திரையில்: வீட்டுக் கணினிக்கும் நிறுவன சர்வருக்கும் இடையே போய்வரும் தரவு]

தனியாளாக ஆடும் விளையாட்டுக்கு சர்வர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இத்தகைய விளையாட்டுகளில் படங்கள், ஒலி, கார்களின் வடிவம் முதலானவை உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. ஆனால் நீங்கள் யார், எந்தெந்தக் கார்களை வைத்திருக்கிறீர்கள், எந்தப் பந்தயத்தை முடித்தீர்கள் என்ற பதிவுகள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. விளையாட்டு தொடங்கும்போது முதலில் அந்த சர்வரைத் தேடுகிறது; பதில் வராவிட்டால் அதற்கு மேல் நகர்வதில்லை. இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல, வடிவமைக்கும்போது நிறுவனம் எடுத்த முடிவு. 'தி க்ரூ 2' விளையாட்டுக்கு ஆஃப்லைனில் ஆடும் வசதியை அதே நிறுவனம் 2025-இல் சேர்த்தது என்பதை இதற்குச் சான்றாகச் சொல்லலாம்.

இந்தப் பின்னணியில்தான், ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். விற்ற நிறுவனம் பிரான்ஸைச் சேர்ந்தது, அங்கே நுகர்வோர் சட்டம் வலுவானது, வாங்கியவர்களும் ஏராளம் என்பதால் 'தி க்ரூ' அவருக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைந்தது. சர்வர்களை என்றென்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று இந்த இயக்கம் கேட்பதாகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஆதரவை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, ஆனால் நிறுத்தும்போது, விற்ற விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு 'நாக்அவுட் சிட்டி' ஓர் எடுத்துக்காட்டு. பலர் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டின் சர்வர்களை 2023 ஜூனில் மூடிய வேலன் ஸ்டுடியோஸ், ஆடுபவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் கணினிப் பதிப்பை வெளியிட்டது. சோனியின் 'கான்கார்ட்' வேறு வகை: 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்றே மூடப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. இரண்டு வாரத்தில் மூடியதற்குப் பணத்தைத் திருப்பலாம். பத்தாண்டு கழித்து மூடுவதற்கு அந்த வழி பொருந்தாது.

நிறுவனங்கள் தரப்பில், வீடியோ கேம்ஸ் யூரோப் என்ற தொழில் அமைப்பு சில மறுப்புகளை முன்வைத்தது. தனியார் சர்வர்களில் பயனர் தரவுக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை, சட்டவிரோத உள்ளடக்கத்தை நீக்க ஆளில்லை, தயாரிப்புச் செலவும் கூடும் என்பவை அவற்றில் சில. பாதுகாப்பு வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தனி சர்வரில் நடப்பதற்கு அதை நடத்துபவரே பொறுப்பு என்று சட்டம் வகுத்துவிடலாம். செலவு வாதத்தில் உண்மை இருக்கிறது. சர்வர் மென்பொருளுக்குள் வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்ற பகுதிகள் கலந்திருக்கும். அவற்றைப் பொதுமக்களிடம் கொடுக்க விளையாட்டு நிறுவனத்துக்கு உரிமை இருக்காது. ஏற்கெனவே வெளியான விளையாட்டை இதற்காகப் பிரித்து மேய்வது பெரும் வேலை. புதிதாகத் தொடங்கும் விளையாட்டில், முடிவுக்கான திட்டத்தையும் தொடக்கத்திலேயே போட்டு உரிம ஒப்பந்தங்களை அதற்கேற்ப எழுதினால், செலவு அந்த அளவுக்கு ஏறாது. இயக்கமும் எதிர்காலத்தில் வெளியாகும் விளையாட்டுகளுக்கே விதி கேட்கிறது.

[திரையில்: நீதிமன்றக் கட்டடம்]

'தி க்ரூ' வாங்கியவர்கள் யூபிசாஃப்ட் மீது கலிஃபோர்னியாவில் 2024 நவம்பரில் தொடுத்த வழக்கில், விளையாட்டின் செயலாக்கக் குறியீடு (ஆக்டிவேஷன் கோட்) 2099-இல்தான் காலாவதியாகும் என்று அட்டையில் இருந்ததை வாதிகள் சுட்டிக்காட்டினர். நாங்கள் விற்றது விளையாட்டை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை மட்டுமே என்று யூபிசாஃப்ட் பதில் சொன்னது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியச் சட்டம், இது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லும்படி டிஜிட்டல் கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஏமாற்று குறையும், விளையாட்டு பிழைக்காது.

பிரிட்டனில் இந்த இயக்கத்தின் மனு ஒரு லட்சம் கையெழுத்தைத் தாண்டி, 2025 நவம்பர் 3 அன்று நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோதும், சட்டத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்றே அரசு சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில், குடிமக்கள் முன்முயற்சி என்ற முறையில் 2025 ஜூலை 31-க்குள் பத்து லட்சம் கையெழுத்துகளும், குறைந்தது 7 நாடுகளில் குறைந்தபட்ச எண்ணிக்கையும் தேவைப்பட்டன. 14 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. அந்த முறைப்படி, ஒன்றியத்தின் சட்டங்களை முன்மொழியும் அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அமைப்பாளர்களைச் சந்திக்க வேண்டும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பொது விசாரணை நடக்க வேண்டும், ஆணையம் தன் முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் ஆணையத்துக்கு இல்லை.