கல்லுக்குச் சொன்ன வைத்தியம்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சிறுநீரகம் என்று பேச்செடுத்தாலே வாழைத்தண்டுச் சாறும் கொள்ளுத் தண்ணீரும் வந்துவிடும். கூடவே, "தண்ணீரை நிறையக் குடியுங்கள்" என்ற அறிவுரையும் வரும். கல் இருப்பவர் நிறையத் தண்ணீர் குடிப்பது சரிதான். சர்க்கரை நோயாலோ இரத்த அழுத்தத்தாலோ சிறுநீரகம் செயலிழந்து வருகிறவருக்கு அதே வைத்தியம் வினையாகலாம். வடிகட்டும் திறன் குறையக் குறையப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். கொள்ளிலும் இளநீரிலும் பொட்டாசியம் தாராளம். கை கால் வீங்கியிருப்பவர் சொம்பு சொம்பாகக் குடித்தால் மூச்சுத் திணறலில் போய் முடியும்.

ஆகவே, பத்தியத்தைப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். பொட்டாசியம் சரியாக இருப்பவர் தக்காளியையும் கீரையையும் கண்டு ஓட வேண்டியதில்லை. ஏறியிருப்பவர் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சத்து வீணாகிறதே என்று அதை இரசத்தில் சேர்ப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இவருக்கு அது கூடாது. மாம்பழத்துக்கும் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கொடுமைதான், என்ன செய்வது!

களியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அரிசியைவிடக் கேழ்வரகில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். சீட்டில் இவை ஏறியிருந்தால் உருண்டையைக் குறைக்கலாம். ஏறாதவரிடம் நான் களியைப் பறிப்பதில்லை. தட்டின் ஓரத்தில் இருக்கும் ஊறுகாயையும் கருவாட்டையும்தான் எடுக்கச் சொல்வேன். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. அப்பளம், மோர் மிளகாய், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்கிறார்கள். அதுவும் சோடியம் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பு இன்னும் மோசம். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைக் கலந்திருப்பார்கள்.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் குழாயில் வந்தால் ஆழ்துளைக் கிணற்றை விட்டுவிடுங்கள். நம் நிலத்தடி நீரில் பல இடங்களில், மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகம். பழுதுபட்ட சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றாது.

டயாலிசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை, தொடங்கிய பிறகும் முட்டையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதற்கு முன்பு புரதத்தை அளவோடு வைத்தோம். இப்போது சுத்திகரிப்பிலேயே புரதம் வெளியேறுவதால் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் உடம்பு கரையும்.

கடைசியாக, களைவெட்டிவிட்டு வந்து இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு: பழுதான சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். வலி மாத்திரை கேட்கும் முன், "எனக்குக் கிரியேட்டினின் அதிகம்" என்று மருந்துக் கடையில் சொல்லுங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுதான் கிரியேட்டினின்.

நன்றி, வணக்கம்.