கணையக் கல்லும் தடைக்காலமும்

வணக்கம். தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை கடலை நம்பி வாழ்கிற குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நம் பக்கத்தில் கல் என்றாலே சிறுநீரகக் கல்தான். வெயிலில் வேலை, தண்ணீர் குடிப்பதோ குறைவு. உடனே வாழைத்தண்டுச் சாறு. கணையக் கல் வேறு. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தின் குழாயில் சுண்ணாம்பு படிந்து உருவாவது. சிறுநீரில் இறங்காது, எந்தச் சாற்றுக்கும் கரையாது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, சாப்பிட்டால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். மெலிந்த இளவயதுக்காரருக்குச் சர்க்கரை வந்தால் கணையத்தையும் பார்க்கச் சொல்வேன். குடிக்காதவர்களுக்கும் இது வருகிறது. தென்னிந்தியாவில் அது அதிகம். அதனால் வலியோடு வருகிறவரைக் குடிகாரர் என்று முத்திரை குத்தாதீர்கள்.

சரி, கிழிக்காமல் எடுக்க முடியுமா? முடியும். சிறு கல்லை வாய்வழியாக எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய வளையும் குழாய், செலுத்தி எடுக்கலாம். 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முதலில் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துப் பொடியாக்குவோம். கணையத்துக்கு இந்த முறை வந்தது 1987இல், ஜெர்மனியில். பெரும்பாலானோருக்குப் பெரிய ஆபத்தில்லாமல் முடிகிறது. சிலருக்குக் கணையம் வீங்கி மறுபடி வலி வரும், சிலருக்கு ரத்தக் கசிவோ கிருமித் தொற்றோ ஏற்படும். பழக்கமுள்ள மையத்தில் செய்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

ஆனால் கல் போனால் வலியும் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. ஐதராபாத்தில் 106 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, மீதிப் பேருக்குச் செய்வது போன்ற பாவனை மட்டும். மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசமும் இல்லை. நெதர்லாந்தில் 88 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், எண்டோஸ்கோப்பியில் தொடங்கியவர்களைவிட முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் வலி குறைவு. கல்லால் குழாய் அடைபட்டு வீங்கியிருப்பவருக்கு எண்டோஸ்கோப்பி முறை நியாயமான முதல் படிதான். அது பலிக்கவில்லை என்றால் வருடக்கணக்கில் இழுக்காமல் அறுவை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். எதைச் செய்தாலும் பீடி, சிகரெட், மது மூன்றையும் விட்டால்தான் பலன் நிற்கும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது தள்ளிப்போடுவதுதான். “தடைக்காலத்துல பார்த்துக்கலாம் டாக்டர்” என்பார்கள். மீன்பிடித் தடை தொடங்கும் ஏப்ரல் 15 வருவதற்குள் எடை பத்துக் கிலோ குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. கணையக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பு வராமல் உள்ளே வைக்கும் சிறு குழாய், வைத்திருந்தால் சில மாதத்தில் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். வலி இல்லையே என்று கடலுக்குப் போய் மறந்தால் அது அடைத்துக்கொள்ளும், காய்ச்சலும் வலியும் வரும். அட்டையில் எழுதித் தரும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள், படகில் கூட வருகிற ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.