மூன்றாவது வரியை எடுக்க மாட்டோம்

(மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறு வாசிப்பு மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சம்பா நடவு நடக்கிற நேரத்தில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வளவளக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் மன்றத்தின் விதிமுறையில் நோக்கங்கள் என்று மூன்று வரி இருக்கிறது: எழுத்தறிவு, கலை, கருத்துச் சுதந்திரம். சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்துப் போட்டபோது இதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. போன மாதம் நன்கொடை தர வந்த ஒருவர்தான் யோசித்தார். “முதல் ரெண்டும் சரி. புத்தகம் வாங்கித் தர்றேன், கூத்துக்குச் சலங்கை வாங்கித் தர்றேன். மூணாவது எதுக்குங்க, வீண் வம்பு? எடுத்துடுங்களேன்” என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வரி போனால் மற்ற இரண்டும் நிற்காது என்பது என் வாதம்.

நம் சாயங்கால வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற பெண்கள் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு வருகிறவர்கள். அ, ஆ என்று ஆரம்பித்தோம், கொட்டாவிதான் வந்தது. அப்புறம் ஒரு அக்கா கேட்டார், “நெல் கொள்முதல் நிலையத்து போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கக் கத்துக்குடுங்க.” அதையே கரும்பலகையில் எழுதினோம். மூட்டை 40 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதம் வரை. சன்ன ரகம், பொது ரகம். மறுநாளிலிருந்து வகுப்பில் உட்கார இடமில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள், இப்போது ரசீதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை படித்துவிட்டுத்தான் மடிக்கிறார்கள்.

படிக்கத் தெரிந்தபின் சும்மா இருப்பார்களா? குறுவை அறுத்த நெல்லை ரோட்டோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, மழையில் அது முளைவிடுகிற வரை காத்துக் கிடந்த கதையை அவர்களே கூத்தாகக் கட்டினார்கள். கட்டியங்காரன் வேஷம், அதாவது கூத்தின் கோமாளி வேஷம் போட்ட பெண், டார்ச் லைட்டை ஈரப்பதம் பார்க்கிற மெஷின் மாதிரி பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, முன்வரிசைப் பெரிய மனுஷர்கள் தலையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். “பத்தொன்பது! காய வச்சு எடுத்துட்டு வா!” சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. நம் நன்கொடையாளரும் அந்த வரிசையில் இருந்தவர்தான். அவருக்கு எத்தனை சதவீதம் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

இதில் எழுத்தறிவு எங்கே முடிந்தது, கலை எங்கே ஆரம்பித்தது, வம்பு எந்த இடத்தில் வந்தது? யாராவது கோடு போட்டுக் காட்டினால் அந்த வரியை நானே அடித்துவிடுகிறேன்.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. தரங்கம்பாடியில் 1713இலேயே தமிழ் அச்சு ஓடியது. அச்சடிக்கக் காகிதம் பத்தாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். அது மதம் பரப்ப வந்த அச்சு, சரி. ஆனால் எழுத்து ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் யார் எதற்குப் படிப்பார்கள் என்பது அச்சடித்தவர் கையில் இருப்பதில்லை. 1931இல் நம் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை முயற்சியால் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. உள்ளே நெல் மூட்டை இல்லை, புத்தகம். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று அதைச் சொல்கிறார்கள். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே 1931தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது அதில் ஒரு விதி. ‘அவருக்கான’ என்றால் நமக்குப் பிடித்த புத்தகம் என்று அர்த்தமில்லை. பல நூலகக் குழுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்கிவிடுகின்றன.

வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948 சட்டத்தில் வந்த ஏற்பாடு. ஆகவே கிளை நூலகம் உங்கள் காசு. அங்கேயும் போங்கள், நாம் அதற்குப் போட்டி கிடையாது.

நாடகத்துக்கு வருகிறேன். எம்.ஆர். ராதா மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்று அரசு 1954இல் நாடகங்களுக்கென்று தனிச் சட்டமே போட்டது. ஆட்சிகள் மாறின, சட்டம் மட்டும் அசையவில்லை. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. ராதா மறைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! நமக்கு வம்பு என்று யாரும் கோர்ட்டுப் படி ஏறாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கும்.

சரி, பணம். அந்த நன்கொடையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதனால் இந்த வருஷம் புது அலமாரி கிடையாது, சலங்கையும் பழசுதான். வரவு செலவுக் கணக்கு வாசலில் ஒட்டியிருக்கிறது. போகும்போது படித்துவிட்டுப் போங்கள், டீ செலவு உட்பட. ரசீதுப் புத்தகம் பொருளாளர் தம்பியிடம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. பெரிய தொகை ஒருவரிடம் வாங்குவதைவிட, சின்னத் தொகையாக ஊரெல்லாம் வாங்குவது நமக்கு நல்லது. அப்போதுதான் எந்த வரியை எடு என்று ஒருவர் மட்டும் சொல்ல முடியாது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கூத்து ஆரம்பிக்கும். முடிந்ததும் மைக் உங்களுக்குத்தான். பிடிக்கவில்லை என்பவர்கள் முதலில் வந்து பேசலாம், நன்கொடை தர வந்த அண்ணனும் வந்திருக்கிறார், அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும், சுருக்கமாகத் திட்டுங்கள்.