1809இல் நடந்த சூலகக் கட்டி அறுவை சிகிச்சை: அது வெறும் அதிர்ஷ்டமா?

வணக்கம். மயக்க மருந்தே இல்லாத காலத்தில் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து சூலகக் கட்டியை (கருமுட்டை உருவாகும் உறுப்பில் வளர்ந்த கட்டியை) அகற்றிய அமெரிக்க மருத்துவர் எஃப்ரைம் மெக்டவலுக்குக் கிடைத்த வெற்றி வெறும் அதிர்ஷ்டம்தானே என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அதிர்ஷ்டத்திற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் முழுவதும் அதிர்ஷ்டம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1771இல் வர்ஜீனியாவில் பிறந்த மெக்டவல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று ஜான் பெல் என்ற மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பயின்று, பட்டம் பெறாமலேயே திரும்பி, கென்டக்கியில் டான்வில் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்து வந்தார். 1809 டிசம்பரில், ஏறத்தாழ 60 மைல் தொலைவிலிருந்த ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணைப் பார்க்க அவரை அழைத்தார்கள். பேறுகாலம் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை என்றே அங்கிருந்தவர்கள் நம்பியிருந்தனர். மெக்டவலோ பரிசோதித்து, கருப்பையில் ஒன்றும் இல்லை, இது கட்டி என்று கண்டறிந்தார். இந்த நோயறிதலே அவருடைய திறமைக்கு முதற்சான்று.

உயிருக்கு ஆபத்து இருப்பதையும், தாம் செய்யப்போவது ஒரு சோதனை முயற்சியே என்பதையும் மறைக்காமல் சொல்லி, டான்வில்லுக்கு வந்தால் செய்கிறேன் என்றார். அந்த அம்மையார் குளிர்காலத்தில் குதிரையேறி வந்து சேர்ந்தார்; வழி நெடுகக் கட்டி சேணத்தின் முன்மேட்டில் அழுந்தியதால் வயிற்றுச் சுவர் கன்றிப்போயிருந்தது என்று மெக்டவலே எழுதியிருக்கிறார்.

இடப்பக்கத்தில் சுமார் 9 அங்குல நீளத்திற்குக் கீறியதும் கட்டி தெரிந்தது. அதை முழுதாக வெளியே எடுக்க இயலாத அளவிற்குப் பெரிதாக இருந்ததால், கருப்பைக்கு அருகில் கருக்குழாயை நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டியைத் திறந்து கூழ் போன்ற பொருளை 15 பவுண்டு அளவிற்கு வெளியேற்றி, பிறகு ஏழரை பவுண்டு எடையுள்ள பையை அறுத்து எடுத்தார். மொத்தம் சுமார் 10 கிலோ. நூலால் முதலில் கட்டியதுதான் பெரும் இரத்தப்போக்கைத் தடுத்தது. கீறலைத் தைத்து மூடுவதற்கு முன், தேங்கிய இரத்தம் வடியட்டும் என்று நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பவும் செய்தார். இவையெல்லாம் சுமார் 25 நிமிடங்களில் முடிந்தன. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைச் சீர்செய்துகொண்டிருந்தாராம்! 25 நாட்களில் ஊர் திரும்பியவர் 1842 வரை வாழ்ந்தார்.

சீழ் பிடிக்காமல் போனதை வேண்டுமானால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அறுவை சிகிச்சையில் கிருமித்தடுப்பு முறையை ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெளியிட்டது 1867இல்தான். நெரிசலான மருத்துவமனையில் அல்லாமல் வீட்டில் நடந்ததும் உதவியிருக்கும் என்பது என் கருத்து. சிகிச்சை தோற்றால் மருத்துவரைத் தூக்கிலிட வெளியே ஒரு கும்பல் தூக்குக்கயிற்றுடன் காத்திருந்தது என்று பரவும் கதை மெக்டவலின் அறிக்கையில் இல்லை.

மெக்டவல் அவசரப்பட்டு விளம்பரம் தேடியவரும் அல்லர். 1817இல்தான், மூன்று நோயாளிகளைப் பற்றி ஒன்றாக எழுதினார், மூவருமே பிழைத்திருந்தனர். இலண்டன் மருத்துவ இதழாசிரியர் ஜேம்ஸ் ஜான்சன் முதலில் நம்ப மறுத்து எள்ளி நகையாடி, பின்னாளில் மன்னிப்புக் கேட்டார். அந்த மூன்று நோயாளிகளில் ஜேன் கிராஃபோர்டைத் தவிர மற்ற இருவரும் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் அறிக்கையில் இல்லை. ஜேன் கிராஃபோர்டிடம் கேட்டதைப் போல அவர்களிடமும் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதற்கும் அதில் விடை இல்லை.