குழுவுக்குப் பரிசு, பிள்ளைக்குப் பங்கு
(மண்டபம் வட்டார ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். முதலிடம் பெறும் பிள்ளைக்கு மட்டுமே பரிசு என்றிருந்தால், பக்கத்தில் இருப்பவனின் வெற்றி தனக்கு இழப்பு என்றே மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். குழுவுக்குப் பரிசு கொடுப்பது அந்தக் கணக்கை மாற்றும் முயற்சி. கரைவலையின் கயிற்றை இழுத்த அத்தனை பேருக்கும் மீன்பாட்டில் பங்குண்டு என்பதை நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், கயிற்றைத் தொடாமல் நின்றவனுக்கும் பங்கா என்று அவர்களே கேட்பார்கள்.

அது நியாயமான கேள்வி. கூட்டுக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கர் ராபர்ட் ஸ்லாவின், குழுவுக்குப் பொதுவான இலக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பும் சேர்ந்திருந்தால்தான் பயன் விளையும் என்று வலியுறுத்தினார். அவர் வகுத்த முறையில் பிள்ளைகள் சேர்ந்து படிப்பார்கள், தேர்வைத் தனித்தனியே எழுதுவார்கள். தன் முந்தைய நிலையிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு உயர்ந்தார் என்பதே குழுவின் மதிப்பெண்ணாகும். ஆகவே, நான்கு மதிப்பெண்ணிலிருந்து ஏழுக்கு வந்த பிள்ளை குழுவுக்குச் சுமையாக இராமல் சொத்தாகிறது. தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அமர்த்திப் பழகிவிட்டோம். இந்தக் குழுப் பணிக்கு மட்டும் மூன்று நிலையினரையும் கலந்தே அமர்த்துங்கள்.

1969இல் வெளியான கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், நான்காம் வகுப்பை இரு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு விதிமீறலுக்கும் அந்தப் பிள்ளையின் அணிக்கு ஒரு குறி இட்டார்கள். குறிகள் வரம்புக்குள் இருந்தால் இரண்டு அணிகளுமே வெல்லலாம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ஓர் அணி வெல்ல மற்றோர் அணி தோற்க வேண்டியதில்லை. கூச்சலும் இடத்தை விட்டு எழுந்திருப்பதும் வெகுவாகக் குறைந்தன. பரிசும் பெரிதல்ல: உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது, கூடுதலாகச் சிறிது ஓய்வு நேரம். பணமும் பொருளும் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வருகைப் பதிவைக் குழுப் பரிசின் அளவுகோலாக வைக்காதீர்கள். தாயோடு கடலில் பாசி எடுக்கப் போனதாலோ, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதாலோ ஒரு பிள்ளை வராத நாளில் குழுவே பரிசை இழந்தால், மறுநாள் அந்தப் பிள்ளையை வரவேற்பது ஏச்சுதான். பிறகு அது பள்ளிக்கு வரவே தயங்கும். பிள்ளையின் கையில் இல்லாத எதையும் குழுவின் கணக்கில் ஏற்றக் கூடாது. வராதவர் இருந்தால், வந்தவர்களின் உயர்வை மட்டும் கூட்டிச் சராசரி எடுங்கள்; விடுபட்ட பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுக்கும் குழுவுக்கு இன்னொரு புள்ளியும் சேருங்கள்.