கடைத்தெருவில் வளர்ந்த கணிதம்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். இடைக்கால ஐரோப்பாவின் அறிவு வளர்ச்சியைப் பற்றிப் பேச வருவோர் பொலோனியா, பாரிஸ் பல்கலைக்கழகங்களிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதில் தவறில்லை, 1210இல் பாரிசில் தடைசெய்யப்பட்ட அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்கள், 1255இல் அதே நகரத்தின் கலைப்பிரிவில் கட்டாயப் பாடமாயின என்பது சாதாரண மாற்றமன்று. ஆயினும், லத்தீனில் நடந்த அந்த வாதங்களுக்குப் பக்கத்திலேயே, மக்கள் பேசிய மொழியில் இன்னொரு கல்வி, வணிகர்களின் கணக்குக் கல்வி, வளர்ந்தது. ஐரோப்பாவின் அன்றாட வாழ்வை அதிகம் மாற்றியது இந்த இரண்டாவது கல்விதான் என்பது என் கருத்து.

பீசா நகரத்து வணிகர்களுக்காக வட ஆப்பிரிக்காவின் புகியா துறைமுகச் சுங்கச்சாவடியில் எழுத்தராகப் பணியாற்றிய ஒருவர், தம் மகன் லியோனார்டோவை அங்கே வரவழைத்துக் கணக்குப் பயில வைத்தார். பிற்காலத்தார் ஃபிபொனாச்சி என்று அழைத்தது இந்த லியோனார்டோவைத்தான். அங்கே கற்ற ஒன்பது எண்குறிகளை 'இந்தியர்களின் குறிகள்' என்று வெளிப்படையாகக் கூறி, பூச்சியத்தையும் சேர்த்து, 1202இல் 'லிபர் அபாச்சி' என்ற பெருநூலை அவர் எழுதினார்.

அந்நூலின் வணிகக் கணக்குகளில் ஒன்றைப் பாருங்கள். நூறு ராத்தல் சரக்கின் விலை நாற்பது பவுண்டு என்றால் ஐந்து ராத்தலின் விலை என்ன? நாற்பதை ஐந்தால் பெருக்கி நூறால் வகுத்தால் இரண்டு பவுண்டு. தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு தெரியாத நான்காவதைக் காணும் இம்முறையை, 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டரின் நூல் திரைராசிகம் என்ற பெயரில் முன்பே கூறியிருக்கிறது. நமக்கு இது பள்ளிச் சிறுவரின் கணக்கு. ஆனால், ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி என்ற அமைப்பும், ஊருக்கு ஊர் மாறும் எடையும் நாணயமும் இருந்த சந்தையில், இதை விரைந்து செய்யத் தெரிந்தவனே ஏமாறாமல் வணிகம் செய்ய முடிந்தது. ரோமன் எண்களில் விடையை எழுதலாமே தவிரப் பெருக்கவோ வகுக்கவோ வசதியில்லை. கணக்கிடுவதற்குப் பலகையில் காய்களை நகர்த்த வேண்டும், நகர்த்திய பின் வழிமுறைக்குத் தடயமே இராது. புதிய எண்களிலோ விடையும் வழியும் தாளிலேயே நின்றன. இன்னொருவர் சரிபார்க்க முடிந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1299இல் புளோரன்ஸ் நகர நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் தொகைகளை இந்த எண்குறிகளால் எழுதக் கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று விதித்தது. பூச்சியத்துக்கு ஒரு வால் சேர்த்தால் ஆறோ ஒன்பதோ ஆகிவிடும் என்ற அச்சமே காரணம் என்பர். இன்று காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதும் நாம் அந்த அச்சத்தைக் கேலி செய்ய முடியாது.

அதே புளோரன்ஸ்தான் 1252இல் ஃபுளோரின் என்னும் தங்க நாணயத்தை அடித்த நகரம். இங்கிலாந்துக் கம்பளியை வாங்கித் துணி நெய்த நகரம். லண்டன் முதல் சைப்ரஸ் வரை கிளைகள் வைத்திருந்த பார்தி, பெருட்சி வணிக நிறுவனங்களின் நகரம். வணிகரும் வரலாற்றாசிரியருமான ஜொவான்னி வில்லானி, 1338ஐ ஒட்டிய நிலையைத் தொகுத்துத் தருகிறார்: எழுத்துப் பயிலும் சிறுவர் சிறுமியர் எட்டாயிரம் முதல் பத்தாயிரம், ஆறு பள்ளிகளில் கணக்குப் பயிலும் சிறுவர் 1,000 முதல் 1,200, லத்தீன் இலக்கணமும் தருக்கமும் பயில்வோர் 550 முதல் 600. ஊர்ப்பெருமையில் அவர் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும், பல்கலைக்கழகப் பாதையில் சென்றவர்களைப்போல் இருமடங்கினர் கணக்குப் பள்ளிக்குச் சென்றனர் என்ற விகிதத்தைப் புறந்தள்ள இயலாது.

இந்தத் திறமை எல்லா ஆபத்தையும் தடுத்துவிடவில்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டுக்குக் கொடுத்த கடன் திரும்பாததும் சேர்ந்து, 1340களில் பார்தியும் பெருட்சியும் வீழ்ந்தன. பள்ளிகளோ நிலைத்தன. 'அரசன்' நூலால் அறியப்பட்ட அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியும் 1480இல் சிறுவனாக இத்தகைய பள்ளியில் பயின்றவர்தான்.

இரு கல்விகளும் வெகுகாலம் தனித்தனியே நடந்தன. வெனிஸ் வணிகர் ஒருவரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பிரான்சிஸ்கத் துறவி லூகா பாச்சோலி, பின்னர் பெருஜா பல்கலைக்கழகத்திலும் கணிதம் கற்பித்தார். 1494இல் வெனிசில் அவர் அச்சிட்ட நூல் லத்தீனில் அல்ல, இத்தாலியில் இருந்தது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரு இடங்களில் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை, வணிகர்கள் தலைமுறைகளாகக் கையாண்டு வந்த அந்த முறை, அதில்தான் முதன்முறையாக அச்சேறியது.